அழைப்பு குறைந்த நிலையத்தை மூடலாமா?

ஊரகத் தீயணைப்பு நிலையம் ஒன்றை மூடுவது பற்றிய பேச்சு எழும்போது முதலில் புரட்டப்படுவது அழைப்புப் பதிவேடுதான். ஆண்டுக்கு இத்தனை தீ அழைப்புகள், கிணற்றில் விழுந்த மாட்டை மீட்டது இத்தனை முறை, ஊதியச் செலவு இவ்வளவு. ஆகவே அருகிலுள்ள நகர நிலையத்துடன் இணைத்துவிடலாம். கணக்கு பார்வைக்குச் சரியாகவே இருக்கிறது. அந்தப் பதிவேட்டில் எது ஏறுவதில்லை என்பதையே நாம் இங்கு பார்க்க வேண்டும்.

101-க்கு ஒருவர் பேசி, வண்டி புறப்பட்டால்தான் அது அழைப்பாகப் பதிவாகும். கீற்றுக் கூரையோ சில நிமிடங்களில் எரிந்து விழுந்துவிடும். வண்டி வர நெடுநேரமாகும் என்று அனுபவத்தில் அறிந்த சேரிமக்கள் தொலைபேசியைத் தேடுவதற்கு முன் குடத்தையும் மண்ணையும் எடுக்கிறார்கள். தீயை அணைப்பவர்கள் அவர்களே. பதிவேட்டில் அந்த நாள் வெறுமையாக இருக்கும். தொலைவு அழைப்பைக் குறைக்கிறது; குறைந்த அழைப்பு, தொலைவை இன்னும் கூட்டுவதற்குச் சான்றாகிறது.

நாட்டின் தீயணைப்பு அளவுகோல்கள் ஊரகப் பகுதிக்கு வண்டி 20 நிமிடங்களில் சேர வேண்டும் என்கின்றன. அதைக் கேட்டுப் பெறும் அமைப்பு ஊரில் எது? 1992-இன் 74-ஆவது அரசமைப்புத் திருத்தம் கொண்டுவந்த 12-ஆவது அட்டவணை, நகராட்சிகளின் பொறுப்புகளில் தீயணைப்பையும் சேர்த்தது. ஊராட்சிகளுக்கான 11-ஆவது அட்டவணையின் 29 பொருள்களில் அது இல்லை. தமிழ்நாட்டில் இரண்டு இடங்களிலும் பணி மாநிலத் துறையிடமே இருக்கிறது என்பது உண்மை. ஆயினும் நிலையத்தை மூடும்போது கிராம சபை தீர்மானம் போடலாம், அவ்வளவுதான்.

குடிசைகள் இன்று எங்கே இருக்கின்றன? 2030-க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் என்று 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டம் வைத்துள்ள இலக்கே எஞ்சியுள்ள கூரைகளின் அளவைச் சொல்லும். அவ்வீட்டைப் பெறப் பட்டா வேண்டும். எரியும் குடிசையில் பட்டா, சாதிச் சான்றிதழ், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் எல்லாம் ஒரே தகரப் பெட்டியில் இருக்கும். தாசில்தார் தரும் அரிசியும் வேட்டி சேலையும் அவற்றை ஈடுசெய்வதில்லை. நகல் கேட்டு அலுவலகம் அலுவலகமாக அலையும் காலத்திற்குக் கூலியும் இல்லை.

நம் மக்களுக்குத் தீ என்பது விபத்து மட்டுமன்று. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டனர். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தின் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளில் 200-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிந்தன. நிலையம் அருகில் இருந்தால் இவை தடுக்கப்பட்டிருக்கும் என்று நாம் சொல்லவரவில்லை. தலித் மக்களின் குடியிருப்பைத் தீயிட்டு அழிப்போருக்கு ஆயுள் தண்டனை என்கிறது 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். ஆனால் சட்டம் வருவது எரிந்த பின்னர்.

நியூயார்க் நகரமும் 1970-களில் ராண்ட் நிறுவனத்தின் கணித மாதிரிகளை நம்பித் தீயணைப்புப் பிரிவுகளை மூடியது. கறுப்பின, புவேர்ட்டோ ரிக்க ஏழைகள் வாழ்ந்த தெற்கு பிராங்க்ஸ் எரிந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை.

எல்லா நிலையமும் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்பதல்ல நம் வாதம். இடம் மாற்றுவது சில நேரம் நல்லதே. மூடும் கோப்பில் கையெழுத்திடும் முன், இணைக்கப்படும் நிலையத்திலிருந்து வண்டியைக் கோடைக்கால நண்பகல் ஒன்றில் ஓட்டிப் பார்க்கட்டும். ஊர்த் தெருவின் முகப்பில் நிறுத்தி நேரத்தைக் குறிக்காமல், காலனியின் கடைசி வீடு வரை செல்லட்டும். அந்தச் சந்தில் வண்டி நுழையுமா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.