பாட்டி சீனர் வீட்டுப் பிள்ளையா?

எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் பூர்வீகம் சொல்லும் டி.என்.ஏ. பரிசோதனை இப்போது வந்துவிட்டது. பேரன் ஆசையாகச் செய்து பார்க்கிறான். கால் பங்கு சீன வம்சம் என்று பதில் வருகிறது. வீட்டில் ஒரே கலவரம்!

பதற வேண்டாம். ஜப்பான்காரன் காலத்திலும் (1942–45) அதற்குப் பின்னும், வறுமையால் பல சீனக் குடும்பங்கள் பெண் குழந்தைகளைத் தமிழர் வீடுகளுக்கு வளர்க்கக் கொடுத்தன. அவர்கள் தமிழ் பேசி, பால் மரம் சீவி, நம் வீட்டுப் பெண்களாகவே வாழ்ந்தார்கள். பாட்டி அப்படி வந்தவர் என்றால், பேரனுக்கு ஏறக்குறைய கால் பங்கு வருவது சரிதான்.

ஆனா ஒண்ணு கவனிங்க. தாலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறை நம்மவர்களிடமும் உண்டு. சீனர், மலாய்க்காரர் மத்தியில் இன்னும் அதிகம். சுமப்பவருக்கு வெளியே ஒன்றும் தெரியாது. கணவன், மனைவி இருவரும் ஒரே வகையைச் சுமந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. பூர்வீகச் சோதனை இதற்குப் போதாது. கல்யாணத்துக்கு முன்னே அரசாங்கக் கிளினிக்கில் ரத்தம் சோதிச்சுக்குங்க.

பாட்டியிடம் தாளை நீட்டி, "உண்மையைச் சொல்லு"ன்னு மிரட்டாதீங்க. அவருக்கே தெரியாமல் இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேளுங்க. அவரைத் தூக்கி வளர்த்தவர்களும் நம் முன்னோர்தான்.