வார்டுக்குள் நுழையும் வாலாட்டிகள்

இதயச் செயலிழப்பால் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவமனையில் படுத்திருந்த 76 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுவைப் பார்க்கத் தன்னார்வலர் நாயோடு வந்தார். இரண்டாவது குழுவுக்கு மனிதர் மட்டும். மூன்றாவது குழுவைப் பார்க்க யாரும் வரவில்லை. சந்திப்பு நீடித்தது 12 நிமிடம்தான். நாய் வந்த குழுவில் பதற்றத்தின் அளவு 24 சதவீதம் குறைந்தது. மனிதர் மட்டும் வந்த குழுவில் 10 சதவீதம்.

2005-இல் அமெரிக்க இதயச் சங்கக் கூட்டத்தில் இந்த ஆய்வை முன்வைத்தவர் கேத்தி கோல் என்ற செவிலியர். சிறிய ஆய்வுதான், நாய் வந்தால் நோய் ஓடிவிடும் என்று அது சொல்லவில்லை. ஆனால் "எங்கள் வீட்டு நாயும் பரம சாதுதான், அழைத்து வரலாமா?" என்று கேட்பவர்களுக்கு மருத்துவமனைகள் தரும் பதில் ஒன்றே: சான்றிதழ் எங்கே?

பரீட்சை இருவருக்கும்

நோயாளிகளைப் பார்க்கப் போகும் இத்தகைய 'தெரபி நாய்'களை அமெரிக்காவில் பதிவு செய்யும் பழைய அமைப்புகளில் ஒன்று, 1977-இல் தொடங்கிய பெட் பார்ட்னர்ஸ். நாய்க்கு ஒரு வயதாவது நிரம்பியிருக்க வேண்டும். வளர்ப்பவர் வீட்டில் ஆறு மாதமாவது இருந்திருக்க வேண்டும். வளர்ப்பவர் முதலில் பாடம் படிக்கிறார். கால்நடை மருத்துவர் நாயைப் பரிசோதித்துக் கையெழுத்திடுகிறார். பிறகுதான் தேர்வு.

உட்கார், படு, இரு என்பதெல்லாம் எளிய கேள்விகள். யாரோ தாறுமாறாகத் தடவுவார், இறுக்கிக் கட்டிப்பிடிப்பார், தள்ளாடியபடி கையை ஆட்டிக்கொண்டு நெருங்குவார். பின்னாலிருந்து ஒருவர் இடித்துவிட்டுப் போவார். இருவர் உரத்த குரலில் சண்டையிடுவார்கள். மருத்துவமனையில் இவை எல்லாமே நடக்கும் என்பதால்தான் இந்த நாடகம்.

இதற்கிடையே தேர்வாளரின் ஒரு கண் வளர்ப்பவர் மேலேயே இருக்கும். கயிற்றைச் சுண்டி இழுக்கிறாரா, அதட்டுகிறாரா, நாயின் முகத்தைப் பார்க்கிறாரா? கழுத்தை நெரிக்கும் பட்டைக்கும் முள் பட்டைக்கும் அனுமதியே இல்லை. நாய்க்கும் வளர்ப்பவருக்கும் சேர்த்தே பதிவு. அதே நாயை வேறொருவர் கூட்டிப்போக வேண்டுமென்றால் அவரும் தேர்வில் தேற வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மறுபடியும் பரீட்சை.

அலையன்ஸ் ஆஃப் தெரபி டாக்ஸ் என்ற அமைப்பில் இன்னொரு படியும் உண்டு: தேர்வாளர் உடனிருந்து கவனிக்க, மூன்று முறை நேரில் போய்வர வேண்டும்.

கொட்டாவியின் பொருள்

நாய் அடிக்கடி கொட்டாவி விட்டால் தூக்கம் என்று நினைக்கிறோம். உதட்டை நக்குவது, தலையைத் திருப்பிக்கொள்வது, வெயிலோ ஓட்டமோ இல்லாமலே மூச்சிரைப்பது ஆகியவையும் அதோடு சேர்ந்தால், "எனக்குப் போதும்" என்று அது சொல்வதாகக் கொள்ளலாம். பயிற்சியில் மிக முக்கியமான பாடம் இதுதான் என்று தோன்றுகிறது. யார் என்ன செய்தாலும் பொறுத்துக்கொள்ளும் நாய் வேறு, புது மனிதரைக் கண்டதும் தானே ஆசையாய் அருகில் போகும் நாய் வேறு. இந்த வேலைக்குப் பின்னதே பொருந்தும். பெட் பார்ட்னர்ஸ் விதிப்படி ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கவும் கூடாது.

சான்றிதழ் தராத உரிமை

பார்வையற்றவரை வழிநடத்தும் நாய்க்கு அமெரிக்கச் சட்டம் கடை, உணவகம் எங்கும் நுழையும் உரிமை தருகிறது. தெரபி நாய்க்கு அது கிடையாது. அழைத்த இடத்துக்கு, அழைத்த நேரத்தில் மட்டுமே போகலாம்.

நம் பக்கத்திலும் இப்படி நாய்களை அழைத்துப்போனதுண்டு. விலங்குநல ஆர்வலர் ஜில் ராபின்சன் 1991-இல் ஹாங்காங்கில் தொடங்கிய 'டாக்டர் டாக்' திட்டத்தைச் சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு நடத்தியது. சிறப்புக் குழந்தைகளின் பள்ளிகளுக்கு நாய்கள் போயின.

கிருமியும் வரும்

பச்சை இறைச்சி தின்னும் நாயைப் பெட் பார்ட்னர்ஸ் சேர்ப்பதில்லை. சால்மொனெல்லா போன்ற கிருமிகள் நாயை ஒன்றும் செய்யாமல் அதன் வாயிலும் கழிவிலும் தங்கி, நலிந்த நோயாளிக்குத் தொற்றக்கூடும். மருத்துவமனைக் கிருமிகளை நாய் வீட்டுக்குச் சுமந்து வருவதும் உண்டு. அதனால் வெறிநோய்த் தடுப்பூசி, ஒட்டுண்ணி மருந்து, வருகைக்கு முன் குளியல், நக வெட்டு ஆகியவை கட்டாயம். நாயைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் நோயாளி கை கழுவ வேண்டும். முகத்தையோ புண்ணையோ நக்கவிடக் கூடாது. நாய் ஒவ்வாமை உள்ளவரையும் பயப்படுபவரையும் கேட்டறிந்து, அந்த அறையைத் தாண்டிப் போய்விட வேண்டும்.