நிறுத்திய வண்டி ஆடாதிருக்க

மோட்டாரின் பின்னால் ஒரு சிறு வீட்டையே கோத்துக்கொண்டு ஊர் ஊராகப் பிரயாணம் செய்யும் வழக்கம் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஏறத்தாழ நூறாண்டுகளாக இருந்து வருகிறது. டிரெய்லர் எனப்படும் அவ்வீட்டினுள் படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, நீர்த்தொட்டி, குளியலறை யாவும் அடங்கியிருக்கும். தங்குமிடம் சேர்ந்ததும் மோட்டாரைக் கழற்றிவிடுவார்கள். அப்பொழுது அது இரண்டு அல்லது நான்கு சக்கரங்களின்மேல் நிற்கும் ஓர் அறையாகிவிடுகிறது.

இவ்வறையில் குடியேறுவோர் முதல் இரவிலேயே கண்டுகொள்ளும் குறை ஒன்றுண்டு. ஒருவர் புரண்டு படுத்தால் மற்றவர் விழித்துக்கொள்கிறார். குழந்தை ஓடினால் அடுப்பின்மேல் உள்ள பாத்திரத்து நீர் தளும்புகிறது. இதை வெறும் அசௌகரியம் என்று தள்ளிவிடலாகாது. ஆடுகிற வண்டியே சில வேளை நகர்கிற வண்டியாகவும் சாய்கிற வண்டியாகவும் மாறிவிடுகிறது. நூலையும் பருத்தியையும் பற்றிப் பேசும் இப்பக்கங்களில் இவ்விஷயத்துக்கு இடம் கேட்டதன் காரணம் இதுவே. நம் கிடங்கு முற்றங்களிலும் டிராக்டரிலிருந்து கழற்றிய டிரெய்லர்கள் நிற்கின்றன. அவற்றின்மேல் ஆட்கள் ஏறி இறங்குகிறார்கள்.

மாட்டுவண்டி ஓட்டியறிந்த அங்கத்தினர்களுக்கு இதன் அடிப்படையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாட்டை அவிழ்த்துவிட்ட வண்டியில் பின்புறமாக ஒருவர் ஏறினால் நுகத்தடி வானை நோக்கி எழும். முன்பாரம், பின்பாரம் என்று நம் முன்னோர் இரண்டு சொற்களில் அடக்கிவைத்த கணக்கே அங்கும் செல்லுகிறது. அமெரிக்க டிரெய்லரில் மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு வரை முன் கொக்கியில் இறங்கும்படி பாரம் ஏற்ற வேண்டும் என்பது விதி. ஐரோப்பாவில் வழங்கும் சிறிய ஒற்றை அச்சு வண்டிகளில் இது 5 முதல் 7 பங்குதான். 1,000 கிலோ எடையுள்ள அத்தகைய வண்டி ஒன்றில் முன்பாரம் 60 கிலோ என்றும், அது அச்சிலிருந்து மூன்றரை மீட்டர் தூரத்தில் இறங்குகிறது என்றும் கொள்வோம். பாரத்தைத் தூரத்தால் பெருக்க, 210 வரும். ஆளுக்கு 60 கிலோ எடையுள்ள இருவர் அச்சுக்கு இரண்டு மீட்டர் பின்னே போய் நின்றால் வருவது 240. பின்புறம் வென்றுவிட்டது, மூக்கு எழும்பும். மூலைக் கால்களை இறக்கி ஊன்றுவதற்கு முன் ஒருவரும் உள்ளே ஏறலாகாது என்று அந்நாட்டார் கண்டிப்பாகச் சொல்வது இதனால்தான்.

கவிழும் அளவுக்குப் போகாவிட்டாலும் ஆட்டம் ஏன் வருகிறது? வண்டியின் உடல் அச்சின்மேல் நேராக உட்காரவில்லை. இடையே வில்லுப்பட்டைகள் இருக்கின்றன. கொல்லர்கள் அரிவாள் அடிக்கத் தேடிப்போகும் பழைய லாரிப் பட்டை இருக்கிறதே, அந்த இனந்தான். அதற்குக் கீழே காற்றடைத்த டயர். பாதையின் குலுக்கலை உள்ளே விடாமல் காக்க ஏற்பட்ட இவ்விரண்டும், வண்டி நின்ற பின்பு உள்ளே நடப்பவரின் அடியைத் தாமே வாங்கி ஆடத் தொடங்குகின்றன. இவ்வாட்டம் மூன்று விதம்: மேலும் கீழுமாக அமுங்குதல், பக்கவாட்டில் சாய்தல், சக்கரம் ஓரிரு விரற்கடை உருளுவதால் முன்னும் பின்னும் அசைதல். ஒன்றுக்குச் செய்யும் பரிகாரம் மற்றொன்றுக்குப் பயன்படுவதில்லை. பலர் பணத்தைச் செலவிட்டும் பலன் காணாததற்கு இதை அறியாமையே காரணம் எனலாம்.

முதலில் கவனிக்க வேண்டியது உருளுதல். அமெரிக்க டிரெய்லர்களின் தடை பெரும்பாலும் முன்னே செல்லும் மோட்டாரிலிருந்து மின்சாரத்தால் இயங்குவது. நிறுத்திவைக்கும்பொழுது பிடிக்கக் கைத்தடை இராது. ஐரோப்பிய வண்டிகளில் அது உண்டு. ஆகவே அமெரிக்க வண்டியைக் கழற்றியபின் அதைப் பிடித்து நிறுத்துவன சக்கரக் கட்டைகள் மட்டுமே. மலைப்பாதையில் லாரி நின்றவுடன் கிளீனர் கையில் கட்டையோடு குதிப்பதைப் போல, கொக்கியில் கை வைப்பதற்கு முன்பே கட்டை கொடுத்தாக வேண்டும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும், டயரை ஒட்டி, இடைவெளியின்றிக் கொடுக்க வேண்டும். இரட்டை அச்சுள்ள வண்டிக்கு இன்னொரு சாதனமும் உண்டு: இரு டயர்களுக்கும் நடுவில் வைத்துத் திருகினால் விரிந்து, இரண்டையும் எதிரெதிராக நெருக்கிப் பிடிக்கும். கட்டையே வண்டியைக் காப்பது. இச்சாதனம் ஆட்டத்தைக் குறைக்கும் துணை மட்டுமே. இதைக் கட்டைக்குப் பதிலாக நம்புவது தவறு.

அடுத்தது மூலைக் கால்கள். நான்கு மூலைகளிலும் அடிச்சட்டத்தோடு பொருத்திய சிறு ஜாக்கிகள் இருக்கும். இவற்றைப் பற்றி நிலவும் தப்பெண்ணம் ஒன்று வெகு ஆபத்தானது. நன்றாகத் திருகிச் சக்கரத்தையே தரையினின்று தூக்கிவிட்டால் ஆட்டம் அற்றுப்போகும் என்று எண்ணுகிறார்கள். இக்கால்கள் தூக்குவதற்காக ஏற்பட்டவை அல்ல. பாரம் முழுவதும் மூலைக்குப் போனால் அடிச்சட்டம் முறுக்கிக்கொள்ளும். கதவு நிலையில் சிக்கும். கால் வழுக்கினால் வண்டி ஒரு பக்கமாக விழும். அடியில் ஒருவர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தால் அவர் கதி என்னாகும் என்று எழுத வேண்டியதில்லை. பாரம் சக்கரத்திலேயே இருக்க வேண்டும். கால் தரையைத் தொட்டபின் சிறிது திருகினால் போதும்.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சக்கரத்தின் கீழ்ப் பலகையிட்டு இடவல மட்டத்தைச் சரிசெய்து, கட்டை கொடுத்து, மோட்டாரைக் கழற்றிய பிறகு, முன் ஜாக்கியால் வண்டியின் மூக்கைச் சற்றே தாழ்த்துகிறார்கள். பின்புறம் உயர்கிறது. அந்நிலையில் பின்கால்கள் இரண்டையும் தரையைத் தொடும்வரை இறக்குகிறார்கள். பின்பு மூக்கை ரசமட்டம் பார்த்து உயர்த்தினால், பின்புறம் தாழ்ந்து, தன் எடையாலேயே அக்கால்களை அழுத்திக்கொள்கிறது. கடைசியில் முன்கால்களை இறக்கிவிடுகிறார்கள். கை வலிக்கத் திருகுவதைவிட இம்முறை மேலானது, கால்களுக்கும் சேதமில்லை.

காலுக்கடியில் தரை எப்படி என்பதும் முக்கியம். ஜாக்கியின் பாதம் 4 அங்குலச் சதுரமானால் அதன் பரப்பு 16 சதுர அங்குலம். அதனடியில் ஓரடிச் சதுரப் பலகையிட்டால் 144 சதுர அங்குலம்; தரைமேல் விழும் அழுத்தம் ஒன்பதில் ஒரு பங்காகிறது. மழைக்குப்பின் கரிசல் மண்ணில் வண்டி நிறுத்தியறிந்த பருத்தி விவசாயிகளுக்கு இதன் அருமை புரியும். கால் எவ்வளவு நீளுகிறதோ அவ்வளவுக்கு அது தள்ளாடும். ஆகையால் பலகைகளை அடுக்கி, காலைக் குறைவாக நீட்டுவதே சிறந்தது. முதல் நாள் தரை அமுங்குமாதலால், மறுநாள் காலை மறுபடியும் பார்த்து இறுக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தபின்னும் முன்பின் அசைவு சிறிது மிஞ்சும். நெசவாள அங்கத்தினர்கள் இவ்விடத்தில் தங்கள் தறியை நினைத்துக்கொள்ளலாம். குழித்தறியின் கால்கள் மண்ணில் ஊன்றியவை; ஆட்டம் குறைவு. சட்டத்தறியோ தரைமேல் நிற்பது. பலகை ஊடையை அடித்துச் சேர்க்கும் ஒவ்வோர் அடியும் சட்டத்தைத் தள்ளுகிறது. நாளடைவில் பொருத்துகள் தளர்கின்றன. ஆப்பை இறுக்கினால் சில நாள் தாங்கும். காலிலிருந்து மேல் விட்டத்துக்குக் குறுக்காக ஒரு சட்டம் அடித்தாலோ தறி அடங்கிவிடுகிறது. நாற்கோணம் சாயும்; முக்கோணம் சாயாது. டிரெய்லரின் மூலைக் காலும் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்குமேயன்றி நீளவாட்டில் வரும் தள்ளலைத் தாங்காது. காலின் அடியிலிருந்து அடிச்சட்டத்துக்குச் சாய்வாக ஓர் இரும்புத் தண்டைப் பூட்டி இறுக்கினால் அந்தக் குறையும் தீர்கிறது.

இவை சில நாட்கள் தங்குவோருக்கான ஏற்பாடுகள். நெடுங்காலம் தங்க நேர்ந்தால் வேறு முறை வேண்டும். 2005ஆம் ஆண்டு ஆகஸ்டில் கத்ரீனா என்னும் புயல் லூசியானா, மிசிசிப்பி மாநிலங்களின் கடற்கரையைச் சூறையாடியபோது, வீடிழந்த குடும்பங்களுக்கு அமெரிக்க மத்திய அரசு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிரெய்லர்களையும் நகரும் வீடுகளையும் அளித்தது. பல குடும்பங்கள் அவற்றில் ஆண்டுக்கணக்கில் வாழ நேர்ந்தது. அங்கே மூலை ஜாக்கிகளை நம்பவில்லை. அடிச்சட்டத்தின் கீழ்க் கான்கிரீட் கற்களைத் தூணாக அடுக்கி, தரையில் திருகி இறக்கிய இரும்பு நங்கூரங்களோடு வண்டியைப் பட்டைகளால் வரிந்து கட்டினார்கள். தூண் கீழ்நோக்கிய பாரத்துக்கு. பட்டை காற்று தூக்காமலிருப்பதற்கு.

நம் முற்றத்துக்கு வருவோம். இருசக்கர டிராக்டர் டிரெய்லரைப் பாரத்தோடு கழற்றி நிறுத்திவிட்டு, முன்பக்கத்து மூட்டைகளை முதலில் இறக்குகிறார்கள். பின்பாரம் மிஞ்சிவிடுகிறது; மேலே நிற்பவரோடு வண்டி பின்னே சாய்கிறது. பாரம் இறங்கும்வரை டிராக்டரைக் கழற்றாதிருப்பதே உத்தமம். கழற்றித்தான் ஆகவேண்டுமெனில் சக்கரத்துக்குக் கட்டையும், முன்காலுக்குப் பலகையும், பின்சட்டத்துக்கு முட்டும் கொடுத்து, பின்மூட்டைகளிலிருந்து இறக்க வேண்டும். முட்டாகச் செங்கல்லை வைப்பதைப் பல ஊர்களில் காண்கிறேன். பாரம் திடீரென்று ஏறினால் செங்கல் சொல்லாமல் உடையும். மரக்கட்டையோ முனகிய பிறகே உடையும். நான்கு கட்டைகளும் இரண்டு பலகைகளும் வாங்குவது, நிர்வாகக் குழுவில் தீர்மானம் நிறைவேற்றி மேலிடத்து அனுமதிக்கு எழுதவேண்டிய செலவன்று.

புறப்படும்பொழுது வரிசை தலைகீழாகும். முதலில் மூலைக் கால்களையும் முட்டையும் எடுத்து, கொக்கியை மாட்டிப் பூட்டி, பூட்டு விழுந்ததா என்று அசைத்துப் பார்த்து, சக்கரக் கட்டையைக் கடைசியாக எடுக்க வேண்டும். கால்களை மடக்க மறந்து இழுத்துச் சென்று அவற்றை வளைத்துக்கொண்டவர்கள் அந்நாட்டில் உண்டு. அதனால் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்த பின்னரே அனுபவசாலிகள் ஆசனத்தில் ஏறுகிறார்கள்.