விசாவில் ஒரு தேதி, வாசலில் ஒரு தேதி

அமெரிக்காவில் குடித்தனம் செய்யும் பெண்ணுக்கு ஏழாம் மாதம். "அம்மா, நீ வந்தால்தான் எனக்குத் தைரியம்" என்று டெலிபோனில் சொல்லிவிட்டாள். நீங்களும் லேகியத்துக்குச் சுக்கு, திப்பிலி எல்லாம் வாங்கி வைத்துவிட்டீர்கள். விசாவும் வந்துவிட்டது. பாஸ்போர்ட்டில் ஒரு பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு பளபளவென்று ஒட்டியிருக்கிறது. பத்து வருஷத்துக்கு அப்பால் ஒரு தேதி அதில் போட்டிருக்கிறது. "பத்து வருஷத்துக்குக் கொடுத்துவிட்டார்களே! இனி எத்தனை மாதம் வேண்டுமானாலும் இருந்துவிட்டு வரலாம்" என்கிறார் பக்கத்து வீட்டு மாமி.

நம்பிவிடாதீர்கள், சகோதரிகளே! மாமி சொல்வதில் பாதிதான் சரி.

விசா என்பது லத்தீன் பாஷையிலிருந்து வந்த சொல். 'பார்க்கப்பட்டது' என்று அர்த்தம். உங்கள் காகிதங்களை ஓர் அதிகாரி பார்த்துத் திருப்தி அடைந்தார் என்பதற்கு அது அத்தாட்சி. அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தேசத்தின் வாசல் வரை போய்க் கதவைத் தட்டலாம். கதவைத் திறந்து, "வாருங்கள், இத்தனை நாள் இருங்கள்" என்று சொல்லுகிறவர் வேறு ஒருவர்.

முதல் அதிகாரியைச் சென்னையிலேயே சந்தித்துவிடுகிறீர்கள். ஒரு நாள் விரல் ரேகையும் புகைப்படமும் எடுத்துக்கொள்வார்கள். மற்றொரு நாள் அண்ணா மேம்பாலத்தின் அருகிலுள்ள அமெரிக்கத் தூதரக அலுவலகத்தில் (ஜெமினி என்றால்தான் பலருக்குப் புரியும்!) நேர்முக விசாரணை. தமிழிலேயே பேசலாம். இதற்கான கட்டணத்தை 2023 ஜூனில் 185 டாலராக உயர்த்தினார்கள். விசா மறுக்கப்பட்டால் அது திரும்பி வராது.

மறுப்பதும் உண்டு. அமெரிக்கச் சட்டத்தின் 214(பி) பிரிவு, வருகிற ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிட எண்ணுகிறவர் என்று வைத்துக்கொண்டுதான் விசாரணையைத் தொடங்கச் சொல்கிறது. அப்படியல்ல என்று காட்ட வேண்டியது நம் பொறுப்பு. வீட்டுப் பத்திரம், பாங்குக் கணக்கு எல்லாம் மடியில் கட்டிக்கொண்டு போவோம். பல சமயம் அவற்றைப் புரட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். "எதற்காகப் போகிறீர்கள்? எத்தனை நாள்? இங்கே யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டு, இரண்டே நிமிஷத்தில் முடிவு சொல்லிவிடுவார்கள். பேரக் குழந்தையைப் பார்க்கப் போகிற பாட்டியிடம் இந்தச் சந்தேகமா என்று மனம் கொஞ்சம் சுடத்தான் செய்கிறது. ஆனாலும் உள்ளதை உள்ளபடி சொல்வதே நல்லது. பிரசவத்துக்குப் போவதை ஊர் சுற்றிப் பார்ப்பதாக மாற்றிச் சொல்லப் போய் வம்பில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது அதிகாரி, நீங்கள் போய் இறங்கும் விமான நிலையத்தில் இருக்கிறார். அபுதாபி வழியாகப் போகிறவர்களுக்கு இந்தப் பரீட்சை அங்கேயே நடந்துவிடும். சென்னையில் கேட்ட கேள்விகளையே இவரும் கேட்பார். திருப்தி இல்லையென்றால், விசா இருந்தும் உங்களைத் திருப்பி அனுப்ப இவருக்கு அதிகாரம் உண்டு. திருப்தியானால், எந்தத் தேதி வரை தங்கலாம் என்று குறிப்பார். உறவினரைப் பார்க்க வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஆறு மாதம். இந்தக் குறிப்புக்கு 'ஐ-94' என்று பெயர். முன்பெல்லாம் பாஸ்போர்ட்டில் ஒரு சீட்டாகச் செருகித் தருவார்கள். 2013 முதல் விமானத்தில் வருகிறவர்களுக்குக் கம்ப்யூட்டரிலேயே பதிவாகிவிடுகிறது. இறங்கிய மறுநாளே மாப்பிள்ளையிடம் சொல்லி அதை எடுத்துப் பார்த்து, தேதியைச் சமையலறைக் காலண்டரில் வட்டமிட்டுவிடுங்கள்.

ஜூன் 10-ந் தேதி இறங்கினீர்கள், டிசம்பர் 9 வரை அனுமதி என்று வைத்துக்கொள்வோம். டிசம்பரில் பெண் வேலைக்குத் திரும்ப வேண்டும். குழந்தை இப்போதுதான் உங்கள் முகம் பார்த்துச் சிரிக்கிறது. "பொங்கல் வரை இரேன், அம்மா!" என்கிறாள். பாஸ்போர்ட்டைப் பிரித்தால் பத்து வருஷத் தேதி கண்ணைப் பறிக்கிறது. இருந்துவிட்டால் என்ன?

டிசம்பர் 9-க்கு மேல் அனுமதியின்றித் தங்கினால் அந்தப் பத்து வருஷ விசா சட்டப்படி தானாகவே செல்லாமற் போய்விடும். 180 நாட்களுக்கு மேல் ஆகி, பிறகு கிளம்பி வந்தால் மூன்று வருஷம் அந்த நாட்டில் கால் வைக்க முடியாது. ஒரு வருஷமோ அதற்கு மேலோ ஆனால் பத்து வருஷத் தடை! அடுத்த பேரனுக்குக் காது குத்துவதைப் புகைப்படத்தில்தான் பார்க்க வேண்டும்.

தங்கியே தீர வேண்டுமானால் நேர் வழி இருக்கிறது. பெண்ணுக்கு உடம்பு தேறவில்லை, குழந்தைக்குச் சுகமில்லை என்பது போன்ற காரணத்தைக் காட்டி, 'ஐ-539' என்ற மனுவைக் கெடுத் தேதிக்குள் போட்டுவிட வேண்டும். 45 நாள் முன்னதாகவே போடும்படி அந்த இலாகா சொல்கிறது. வந்த ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், இதற்கு நேர் மாறாகவும் நடக்கலாம். விசா முடிய இரண்டே வாரம் இருக்கும்போது போய் இறங்குகிறீர்கள். வாசலில் இருப்பவர் ஆறு மாதம் கொடுக்கிறார். இரண்டு வாரத்தில் விசா காலாவதியானாலும் கவலையில்லை. ஆறு மாதமும் நிம்மதியாக இருக்கலாம். திரும்ப ஒரு முறை போகத்தான் புது விசா தேவை.

போகும்போது பெட்டியில் கறிவேப்பிலைக் கொத்தை ஒளித்து வைக்காதீர்கள். பச்சைக் கறிவேப்பிலைக்கு அங்கே அனுமதி கிடையாது. அத்துடன், பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்து, விசா மட்டும் பழைய பாஸ்போர்ட்டில் இருந்தால், பழையதைப் பரணில் போட்டுவிட வேண்டாம். அந்த விசா செல்லும். இரண்டையும் சேர்த்தே கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.