பலாலியிலிருந்து இரத்மலானைக்கு எவ்வளவு தூரம்?

இரு விமான நிலையங்களுக்கிடையே உள்ள தூரத்துக்கு ஒரே விடைதான் உண்டு என நாம் எண்ணுவது வழக்கம். பலாலியையும் இரத்மலானையையும் எடுத்து நோக்கினால் விடைகள் பல என்பது தெளிவாகும்.

முதலில் ஆகாயத் தூரத்தைப் பார்ப்போம். இதை அறியப் பாடசாலைத் தேசப்படமே போதும். பலாலி வட அகலக்கோடு 9 பாகை 48 கலையிலும், இரத்மலானை 6 பாகை 49 கலையிலும் உள்ளன. இரண்டும் ஏறக்குறைய ஒரே நெடுங்கோட்டில் அமைந்திருப்பதால் அகலக்கோட்டு வித்தியாசத்தைக் கணித்தால் போதுமானது. வித்தியாசம் 2 பாகை 59 கலை, அதாவது 179 கலை. அகலக்கோட்டில் ஒரு கலை ஏறத்தாழ ஒரு கடல் மைலாகும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர். ஆகவே ஆகாயத் தூரம் ஏறத்தாழ 330 கிலோமீற்றர். தரைவழியே யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர்.

அடுத்தது பறக்கும் நேரம். மணிக்கு 450 கிலோமீற்றர் வேகமுள்ள விமானம் இத்தூரத்தை 44 நிமிடத்திலும், 300 கிலோமீற்றர் வேகமுள்ள சிறிய விமானம் 66 நிமிடத்திலும் கடக்க வேண்டும். ஆனால் மேலெழும்போதும் இறங்கும்போதும் அவ்வேகம் இருப்பதில்லை. காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். வடகீழ்ப் பருவக்காற்று தெற்கே செல்லும் விமானத்துக்குத் துணையாகும்; தென்மேல் காற்று அதனை எதிர்க்கும். எனவே ஒரு மணித்தியாலம் முதல் ஒன்றேகால் மணித்தியாலம் வரை எனக் கொள்வதே பொருத்தம்.

மூன்றாவது பயண நேரம். இது வீட்டுப் படலையிலிருந்து சென்றடையும் வாசல் வரையுள்ள நேரம். யுத்த காலத்தில் இதனை எமது மக்கள் நன்கு அறிந்துகொண்டனர். 2002 இல் திறக்கப்பட்ட ஏ-9 வீதி 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டபோது விமானமும் கப்பலுமே வழியாயின. பயண அனுமதிக்கும் ஆசனத்துக்கும் காத்திருந்த நாட்கள், சோதனைகளில் கழிந்த மணித்தியாலங்கள் ஆகியவற்றோடு ஒப்பிட்டால் பறந்த நேரம் மிகச் சொற்பமே. அந்தப் பறப்பும் ஆபத்தில்லாததாக இருக்கவில்லை. 1998 செப்டெம்பர் 29 இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட விமானம் வடமேற்குக் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 55 பேரும் உயிரிழந்தனர்.

இன்னொரு தூரமும் உண்டு. பலாலி ஓடுபாதையைச் சூழ்ந்த கிராமங்களின் மக்கள் 1990 இல் இடம்பெயர்ந்தனர். நலன்புரி நிலையங்களிலிருந்து அவர்களது சொந்தக் காணிகளுக்குச் சில கிலோமீற்றர்களே. ஆயினும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பலரால் அதனைக் கடக்க முடியவில்லை. 2009 இன் பின்னர் காணிகள் கட்டம் கட்டமாகவே விடுவிக்கப்பட்டன.

2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகியது. வீதியும் புகையிரதப் பாதையும் இன்று திறந்துள்ளன. இந்நிலையில் நாம் கிராம மட்டத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: அவசர சிகிச்சைக்காகக் கொழும்பு செல்லும் நோயாளி தன் வீட்டிலிருந்து வைத்தியசாலைக் கட்டிலை அடைய எத்தனை மணித்தியாலம் ஆகிறது? அதற்கு அவரது குடும்பம் எத்தனை நாட் கூலியைச் செலவிடுகிறது? கிராம அபிவிருத்திச் சங்கங்கள் இவ்விரு கணக்குகளையும் எழுதி வைத்திருப்பின், போக்குவரத்துத் திட்டங்கள் பேசப்படும்போது எமது தேவையை ஆதாரத்துடன் எடுத்துரைக்கலாம்.