கலஹா வீதிக்கு முதலில் வேண்டியது கான்

பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தின் நடுவே மர நிழலில் சாதுவாகத் தொடங்குகிறது கலஹா வீதி. ஹிந்தகல, மஹகந்த தாண்டியதும் அதன் குணம் மாறிவிடுகிறது. ஒருபக்கம் வெட்டி நிறுத்திய மலை, மறுபக்கம் தேயிலையோடு சரியும் பள்ளம். முடக்கில் இரண்டு பஸ்கள் எதிரெதிரே வந்துவிட்டால் ஒன்று பின்வாங்கியே ஆக வேண்டும். கொண்டக்டர் இறங்கிப் பின்சக்கரத்துக்கும் விளிம்புக்கும் நடுவில் எவ்வளவு மண் மிச்சம் என்று பார்த்தபடி, "ஹரி, ஹரி" என்று பஸ்ஸைத் தட்டுவார். ஜன்னலோரம் இருப்பவர்கள் அந்த நேரத்தில் கீழே பார்ப்பதில்லை.

வீதி கலஹாவோடு முடியவில்லை. தெல்தோட்டை வழியாக ரிகில்லகஸ்கட வரை போகிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துர தோட்டமும் இந்தப் பக்கத்து மலைகளில்தான் இருக்கிறது. கோப்பியையும் தேயிலையையும் வண்டியில் இறக்குவதற்காக வளைத்து வளைத்து வெட்டிய மலைப்பாதைகள் இவை. இன்று அவற்றில் டிப்பரும் பெரிய பஸ்ஸும் ஓடுகின்றன. பிரசவ வலியோடு கண்டிக்கும் பேராதனைக்கும் கொண்டு போகப்படும் தாய்மாருக்கும் இதுதான் வழி.

"காபட் போட்டுத் தாருங்கள்" என்பதே இத்தகைய வீதிகளில் எல்லோரும் கேட்பது. குழியில் விழுந்து எழுந்து போகிறவர்கள் அதைக் கேட்பதில் பிழையே இல்லை. ஆனால் காபட் போட்ட மறுநாள் வேகம் கூடும். முடக்கு அதே முடக்காகத்தான் இருக்கும். மலைநாட்டு வீதியைக் கெடுப்பது சக்கரத்தைவிட அதிகமாகத் தண்ணீர்தான். மலையடிக் கான் இலையும் மண்ணும் சேர்ந்து அடைபட்டால், தண்ணீர் வீதியைக் குறுக்கே கடந்து வெளி விளிம்பை அரிக்கும். மேலே தார் முழுசாகத் தெரியும், அடியில் மண் இருக்காது. எதிரே வரும் லொறிக்கு இடம் விட ஒதுங்கும் பஸ்ஸின் சக்கரம் அங்கேதான் இறங்குகிறது. ஆகவே வீதியின் பாதுகாப்பு, வீதிக்கு மேலே உள்ள தேயிலை மலையிலேயே ஆரம்பிக்கிறது. கான் வெட்டுவது தோட்டத்தில் பழைய வேலை. மலையில் அந்த வேலை குறைந்தால், மழைநீர் நேராக வீதியில் வந்து இறங்கும்.

சரிந்து விழுந்ததை உடனே அகற்றாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பசறை சாட்சி. 2021 மார்ச் 20 அன்று, மலையிலிருந்து உருண்டு வீதியின் ஒரு பகுதியை அடைத்துக் கிடந்த பாறையருகே ஒதுங்கிச் சென்ற தனியார் பஸ் பள்ளத்தில் விழுந்தது. ஒரு பாறையை அகற்றுவது அத்தனை பெரிய வேலையா? 2025 மே 11 அன்று கொத்மலை கெரண்டி எல்லவில், கதிர்காமத்திலிருந்து குருநாகல் போன பஸ் கவிழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒவ்வொரு முறையும் பேச்சு சாரதியோடு நின்றுவிடுகிறது. களைப்பும் வேகமும் உண்மையான காரணங்களே. ஆனாலும் மனிதன் தவறுவான் என்று எதிர்பார்த்தே வீதி அமைக்க வேண்டும் என்பதை சுவீடன் நாடாளுமன்றம் 1997இலேயே கொள்கையாக ஏற்றது. முடக்குக்கு முடக்கு உறுதியான தடுப்புச் சுவரும் குவி கண்ணாடியும், இரு வாகனங்கள் விலக ஆங்காங்கே அகலப்படுத்திய இடமும் அந்த வகைதான். வீதி முழுவதையும் அகலமாக்க மலையைக் குடைவது வேறு. அது அடுத்த மண்சரிவுக்கு நாமே வழி வெட்டுவதாகிவிடும்.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் மற்ற எல்லா மாவட்டங்களையும்விடக் கண்டியே அதிக உயிர்களை இழந்தது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 ஆனால் எச்சரிக்கை, 150 ஆனால் வெளியேற்றம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அளவு வைத்திருக்கிறது. லயத்தில் இருப்பவரை வெளியேறச் சொல்லும் அதே மழையில், அதே மலையடியால் பஸ் ஏன் ஓட வேண்டும்? வீதியை மூடும் முடிவும் இந்த அளவோடு சேர்ந்தே வர வேண்டும்.

ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. மேலே உள்ள மலை தோட்ட நிர்வாகத்தின் கையில், கிளைப் பாதை பிரதேச சபையின் கையில். கான் இந்த மூவரின் எல்லையிலும் ஓடுவதால் மூவரும் மற்றவரைக் கைகாட்டலாம். பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் மூவரையும் ஒரே மேசையில் இருத்தினால் அது முடியாது. எந்த முடக்கில் எந்த மதகு அடைபட்டிருக்கிறது என்பது, அந்த மலையில் மண்வெட்டி பிடித்த தொழிலாளிகளுக்குத் தெரியும். அவர்களிடம் கேட்டு எழுதிய பட்டியல், ஒக்டோபர் மழைக்கு முன்பே அந்த மேசைக்குப் போக வேண்டும்.