தபாலில் வந்த ரேடியோ

எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்குமிடத்தில் முகத்துவாரக்குப்பம் இருக்கிறது. பட்டணவாசிகளாகிய நமக்கு ரேடியோ என்றால் சங்கீதக் கச்சேரி. காப்பி அருந்திக்கொண்டே கேட்டு மறந்துவிடும் செய்திகள். முகத்துவாரத்து மீனவருக்கோ புயல் எச்சரிக்கை என்பது படகைத் தள்ளுவதா, கரையில் ஏற்றி வைப்பதா என்னும் ஜீவாதாரமான கேள்விக்கு விடை. அவர்கள் காதிலும் நம் காதிலும் விழும் அந்தக் குரலுக்கு மூலமான சாமான்கள் எங்கிருந்து வந்தன, யார் அனுப்பினார்கள் என்பது சுவையான கதை.

சென்னையில் அந்தக் கதை 1924ஆம் ஆண்டில் தொடங்குகிறது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் சீமையிலிருந்து திரும்புகையில் ஒலிபரப்பு யந்திரத்தின் உறுப்புக்களை வாங்கி வந்தார். முழு யந்திரமன்று, உறுப்புக்கள்தான். அவற்றை நண்பர்கள் துணையுடன் இங்கேயே பூட்டினார். அவ்வாண்டு மே மாதம் 16ஆம் தேதி சென்னை மாகாண ரேடியோ கழகம் பிறந்தது. ஜூலை 31ஆம் தேதி ஒலிபரப்பும் ஆரம்பமாயிற்று. யந்திரத்தின் சக்தி 40 வாட். இன்று ஒரு பழைய மின்சார பல்பு அதைவிட அதிகம் தின்னும்! ஆயினும் பம்பாயில் கம்பெனி ஏற்பட்டு ஒலிபரப்பத் தொடங்கியது 1927 ஜூலையில்தான் என்பதைச் சென்னைவாசிகள் சற்றுப் பெருமையுடனேயே நினைவுகூரலாம். பெருமை இருந்ததே தவிரப் பணம் இருக்கவில்லை. 1927 அக்டோபரில் கழகம் ஓய்ந்தது. யந்திரம் நகரசபையின் கைக்குப் போயிற்று. நகரசபை 1930 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அதை நடத்தியது. 1938 ஜூன் 16ஆம் தேதி அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் திறக்கப்பட்டது.

உறுப்புக்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொள்ளலாம் என்ற யோசனையை உலகுக்குப் பரப்பியவர்களில் முதன்மையானவர் ஹ்யூகோ கெர்ன்ஸ்பாக். லக்ஸம்பர்க் தேசத்தில் பிறந்து, 1904இல் அமெரிக்காவுக்குக் குடியேறிய வாலிபர். நியூயார்க்கில் எலெக்ட்ரோ இம்போர்ட்டிங் கம்பெனி என்று ஒன்றை அமைத்து, மின்சாரச் சாமான்களைத் தபால் மூலம் விற்றார். 'டெலிம்கோ' என்ற கம்பியில்லாத் தந்திக் கருவியை, அனுப்பும் பாகமும் வாங்கும் பாகமும் சேர்த்து, ஏழரை டாலருக்கு விளம்பரம் செய்தார். அவ்வளவு மலிவாக இருக்க முடியாது, மோசடிதான் என்று சந்தேகித்துப் போலீஸ்காரர் ஒருவர் கடைக்கே வந்துவிட்டாராம். கெர்ன்ஸ்பாக்கே பிற்காலத்தில் சொன்ன கதை இது. கருவி உண்மையாகவே வேலை செய்ததைக் கண்ட பிறகும் அவர் முழு மனதாக நம்பவில்லை என்று கேள்வி!

பிறகு வந்த ஹீத் கம்பெனியின் கதை விசித்திரமானது. எட்வர்ட் ஹீத் விற்றது ரேடியோ அன்று, வீட்டில் பூட்டிக்கொள்ளும் ஆகாய விமானம். 1931இல் தமது விமானமொன்றைப் பரீட்சித்துப் பறக்கையில் விழுந்து மாண்டார். கம்பெனியை 1935இல் ஹோவர்ட் ஆன்டனி வாங்கினார். உலக யுத்தம் முடிந்து, ராணுவத்தில் மிஞ்சிய மின்னணுச் சாமான்கள் குவியல் குவியலாக ஏலத்துக்கு வந்தபோது அவற்றை வாங்கி, 1947இல் நாற்பது டாலருக்குள் ஓர் 'ஆஸிலாஸ்கோப்' பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். விஷயம் தெரியாதவரும் ஒவ்வொரு கம்பியாகப் பற்ற வைத்து முடிக்கும்படி அவர்களுடைய விளக்கப் புத்தகங்கள் எழுதப்பட்டிருந்தன. பூட்டி முடித்த சாமான்களே மலிந்துபோன காலம் வந்தது. 1992இல் அந்த வியாபாரம் நின்றது.

நம் நாட்டிலோ தபாலில் சாமான் தருவிப்பதற்குத் தடையில்லை, வி.பி.பி. முறை 1877 முதலே உண்டு. கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடும் சுங்கவரியும் சேர்ந்து, அமெச்சூர் ரேடியோக்காரர் ஒருவருக்கு வேண்டிய அன்னியக் கருவியை மத்தியதரக் குடும்பத்தின் சில மாதச் சம்பளமாக்கிவிட்டன. இது வெறும் பொழுதுபோக்குக்காரரின் குறை என்று தள்ளிவிட முடியாது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி காலை ஆழிப்பேரலை எழுந்தபோது, பாரதி பிரசாத் என்ற பெண்மணி தமது குழுவினருடன் அமெச்சூர் ரேடியோ நடத்துவதற்காகப் போர்ட் பிளேரில் தங்கியிருந்தார். அந்தமானில் தொலைபேசி செயலற்றுப்போயிற்று. உற்றார் உயிரோடிருக்கின்றனரா என்று இக்கரையில் தவித்தவர்களுக்கு அவருடைய கருவியின் வழியாகவே பல செய்திகள் வந்து சேர்ந்தன. அதே பேரலை வட சென்னைக் கடற்கரைக் குப்பங்களையும் தாக்கிற்று. அத்தகைய வேளையில் கருவியும், அதை இயக்கத் தெரிந்த ஆளும் எத்தனை ஊரில் இருக்கின்றனர் என்பதே கேள்வி.

ஹைதராபாத்வாசியான அஷ்ஹர் ஃபர்ஹான் இதற்கு ஒரு வழி கண்டார். இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அவர் வெளியிட்ட 'பிட்எக்ஸ்' கருவியின் வரைபடம் பேசுவதற்கும் கேட்பதற்கும் ஒரே சுற்றுக்களைப் பயன்படுத்துவது. உறுப்புக்கள் சாதாரண ரேடியோ ரிப்பேர் கடையில் கிடைப்பவை. கம்பிச் சுருளுக்கு வேண்டிய அன்னிய வளையம் கிடைக்கவில்லையா? தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வாஷரின் மேலேயே சுற்றிவிட்டார்! எத்தனையோ பொறியியல் நூல்களைவிட அந்த வாஷர் நம்மை அதிகம் கவர்கிறது.

2016ஆம் ஆண்டின் இறுதியில் அவருடைய ஸ்தாபனம் 'பிட்எக்ஸ் 40' என்னும் ஏழு வாட் கருவியின் பலகையை, அறுபது டாலருக்கும் குறைந்த விலையில் தபாலில் அனுப்பத் தொடங்கிற்று. இப்போது வாஷர் இல்லை, முறையான வளையந்தான். அதில் கம்பியைக் கையால் சுற்றியவர்கள் அக்கம்பக்கத்துப் பெண்கள். பார்சல்கள் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போயின. வாங்குகிறவர் பெட்டியில் பொருத்தி, ஏரியல் கட்டி, மின்சாரம் கொடுத்தால் போதும். ஆனால் நம் நாட்டில் பேச வாயெடுக்குமுன் அரசாங்கப் பரீட்சையில் தேறி லைசென்ஸ் பெற்றாக வேண்டும். அதை மட்டும் எந்தக் கம்பெனியும் தபாலில் அனுப்புவதில்லை.